1203: கொப்பரையா, பெட்ரோலா?

வாளையாற்றைத் தாண்டி மேற்கே இறங்கினால் கஞ்சிக்கோடு. கோவையிலிருந்து பாலக்காடு போகும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து, 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் முந்திப் போகும் டேங்கர் லாரிகளின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தால் ஒரு சின்ன வாசிப்புப் பழக்கம் தானாக வந்துவிடும். சாய்சதுரப் படம் ஒன்று, அதன் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று. 1203 என்றிருந்தால் பெட்ரோல். 1202 டீசல். 1075 சமையல் எரிவாயு. 1073 என்றால் குளிரூட்டித் திரவமாக்கிய ஆக்சிஜன். 2021-இல் கொரோனா இரண்டாம் அலை அடித்தபோது கேரளத்து மருத்துவமனைகள் பல இந்தக் கடைசி எண்ணைத்தான் நம்பியிருந்தன. கஞ்சிக்கோட்டு ஐனாக்ஸ் ஆலையிலிருந்து புறப்பட்ட டேங்கர்கள் அந்த எண்ணைச் சுமந்துகொண்டுதான் ஓடின.

இந்த எண்கள் ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு கொடுத்தவை. சரக்குப் போக்குவரத்தில் இருப்பவர்கள் 'யூஎன் நம்பர்' என்பார்கள். அந்தக் குழுவின் பரிந்துரைகள் முதலில் வெளிவந்தது 1956-இல். அவற்றைக் கடலுக்கு ஏற்றபடி வகுத்த விதித்தொகுப்பு 1965-இல் வந்தது. ஐஎம்டிஜி கோடு எனப்படும் அந்தத் தொகுப்பு 2004 ஜனவரி 1 முதல் கட்டாயச் சட்டம். உலகில் எந்தத் துறைமுகத்தில் எந்த மொழி பேசுகிறவர் பார்த்தாலும் 1203 பெட்ரோல்தான்.

ஆனால் அதே 1203, சுங்க வரிப் பட்டியலைத் திறந்தால் கொப்பரை. வரி வசூலிப்பதற்காக உலகச் சுங்க அமைப்பு வகுத்த அட்டவணையில் 1203-ஆம் தலைப்பு தேங்காய்க் கொப்பரைக்கு உரியது. ஏற்றுமதி செய்கிறவர் ஷிப்பிங் பில்லில் எழுதுவது இந்தச் சுங்க எண். கப்பலில் தீப்பிடிக்குமா பிடிக்காதா என்று சொல்ல வேண்டியது யூஎன் எண். முன்னதை நிரப்பாவிட்டால் சரக்கு நகராது. ஆகவே அது ஒருபோதும் விடுபடாது. பின்னதை நிரப்பாவிட்டால் சரக்கு பெரும்பாலும் நகர்ந்துவிடும். கடலில் நடக்கும் விபத்துகள் பலவற்றின் வேர் இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

கொப்பரைக்கும் யூஎன் எண் உண்டு என்று சொன்னால் பொள்ளாச்சியிலும் காங்கேயத்திலும் களம் வைத்திருப்பவர்களில் பலர் நம்ப மாட்டார்கள். எண் 1363, வகுப்பு 4.2: தானாகத் தீப்பற்றக்கூடிய பொருள். சரியாகக் காயாத கொப்பரையில் ஈரம் தங்குகிறது, பூஞ்சை பிடிக்கிறது, அந்த நுண்ணுயிர்களின் வேலையால் சூடு கிளம்புகிறது. சூடேறியதும் எண்ணெய் காற்றோடு சேர்ந்து மேலும் சூட்டைக் கிளப்புகிறது. களத்தில் பரப்பிக் கிடக்கும்போது அந்தச் சூடு காற்றில் போய்விடும். மூட்டை மேல் மூட்டையாக அடுக்கி இரும்புப் பெட்டிக்குள் பூட்டினால் எங்கே போகும்? ஈரத்தை ஆறு விழுக்காட்டுக்குக் கொண்டுவா என்று வியாபாரி வற்புறுத்துவது விலைக்காக மட்டும் இல்லை.

கொப்பரையை ஆட்டியபின் மிஞ்சும் பிண்ணாக்கும் இதே பட்டியலில் இருக்கிறது. எண்ணெய் ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் தங்கியிருந்தால் 1386, அதற்குள் என்றால் 2217. கோழித்தீவனத்துக்குப் போகும் மீன்தூள் 1374, தீப்பற்றாதபடி பக்குவம் செய்ததென்றால் 2216. சிவகாசித் தீப்பெட்டி 1944. கார்த்திகைக்கு வாங்கிய தீப்பெட்டியோடு மாட்டுக்கு வைத்த பிண்ணாக்கும் ஒரே புத்தகத்தில் இடம்பெறுகிறது என்பதுதான் இந்த விதிகளைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. 'அபாயச் சரக்கு' என்ற சொல்லைக் கேட்டதும் மனம் அமிலத்தையும் வெடிமருந்தையும் நினைக்கிறது. கப்பலுக்கு ஆபத்து வீட்டுப் பொருளிலிருந்தும் வரும்.

வகுப்புகள் ஒன்பது. வெடிபொருள் ஒன்று, வாயு இரண்டு, எரியும் திரவம் மூன்று, எரியும் திடப்பொருள் நான்கு, ஆக்சிஜனைக் கொடுத்து எரிப்பைத் தூண்டுவது ஐந்து, நஞ்சும் நோய்க்கிருமியும் ஆறு, கதிர்வீச்சு ஏழு, அரிப்பது எட்டு, இவை எதிலும் அடங்காதது ஒன்பது. கைபேசி பேட்டரி, மின்வாகனம், கடலுயிர்களுக்குக் கேடு செய்யும் பொருள் எல்லாம் அந்தக் கடைசி வகுப்பில். மனப்பாடம் செய்ய அரை நாள் போதும். ஒரு பொருளை எந்த வகுப்பில் போடுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

அதைத் தீர்மானிக்கும் சோதனைகளில் ஒன்றை மட்டும் அருகில் போய்ப் பார்க்கலாம். தானாகச் சூடேறும் பொருளா என்று அறிய, பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் உள்ள கனசதுரக் கம்பிவலைக் கூடை ஒன்றில் பொருளை நிரப்புகிறார்கள். நடுவில் வெப்பம் அளக்கும் கம்பியைச் செருகி, 140 டிகிரியில் நிற்கும் அடுப்புக்குள் வைத்து 24 மணிநேரம் காத்திருக்கிறார்கள். அடுப்பின் சூடு 140-ஐத் தாண்டாது. ஆனாலும் கூடையின் நடுவே 200 டிகிரியைத் தாண்டிவிட்டால், கூடுதல் சூட்டைப் பொருளே உண்டாக்கியது என்று பொருள். வகுப்பு 4.2 உறுதியாகிறது. இரண்டரை சென்டிமீட்டர் சின்னக் கூடையிலேயே அப்படி ஆனால் ஆபத்து ஒருபடி அதிகம். இந்த 140 டிகிரிக் கணக்கு வந்த வழி சுவையானது. 27 கன மீட்டர் கரிக்குவியல் 50 டிகிரிச் சூட்டிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும் என்ற அளவை அடிப்படையாக வைத்துத்தான் சோதனையையே வகுத்தார்கள். உரைகல்லாக நின்றது கரி.

அந்தக் கரியைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டியிருக்கிறது. கோவைப் பக்கம் தேங்காய்த் தொட்டிக் கரி, பாலக்காட்டுப் பக்கம் சிரட்டைக் கரி. காங்கேயம் வட்டாரத்தில் சுட்டு எடுப்பது, கிளர்வூட்டிய கரியாக மாறி நீர் வடிகட்டவும் தங்கம் பிரிக்கவும் உலகமெங்கும் போகிறது. கட்டியாக்கி ஹூக்காவுக்கும் அடுப்புக்கும் போவதும் உண்டு. கரிக்கு யூஎன் எண் 1361. ஆனால் மேலே சொன்ன கூடைச் சோதனையில் தேறியதாக ஆய்வகச் சான்று இருந்தால் சாதாரணச் சரக்காகவே அனுப்பலாம் என்று நெடுங்காலம் விலக்கு இருந்தது. சோதனைக்கு அனுப்பிய கரியும் கண்டெய்னரில் ஏறிய கரியும் ஒரே சூளையில் வெந்ததா, ஒரே அளவு ஆறியதா என்று யாரும் கேட்கவில்லை. 2015 முதல் 2022 வரை உலகக் கப்பல்களில் கரியால் மூண்ட தீ குறைந்தது 68 என்று கப்பல் நிறுவனங்களின் தகவல் அமைப்பு கணக்குச் சொன்னது. அவற்றில் கணிசமானவற்றில் காகிதத்தில் அபாயச் சரக்கு என்ற பேச்சே இல்லை.

விதி மாறியது. 2026 ஜனவரி 1 முதல் கரி எதுவானாலும் அபாயச் சரக்காகத்தான் கப்பலேற வேண்டும். பெட்டியில் அடைக்கும் முன் குறைந்தது 14 நாள் காற்றாட ஆற வேண்டும், அடைக்கிற நாளில் சூடு 40 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது, கண்டெய்னருக்குள் அடுக்கு ஒன்றரை மீட்டர் உயரத்தோடு நிற்க வேண்டும், அதற்கு மேல் போனால் இடைவெளி விட்டுச் சிறு சிறு அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும், கூரைக்கும் சரக்குக்கும் இடையே 30 சென்டிமீட்டர் விட வேண்டும் என்கிறது புதிய திருத்தம். சித்திரை வெயிலில் தகரக் கூரை போட்ட குடோனில் 40 டிகிரி என்பது எவ்வளவு கடினமான நிபந்தனை என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் அடைக்க வேண்டிய சரக்கு அது. 14 நாள் கிடப்பில் போட இடமும் முதலும் வேண்டும். சிறு உற்பத்தியாளருக்கு இது சுமைதான். அதை மறுக்க முடியாது. ஆனால் நடுக்கடலில் நிற்கும் இருபது பேருக்கு ஓடிப்போக இடமில்லை என்பதையும் எதிர்த்தட்டில் வைத்துப் பார்த்தால் விதி எடுத்த பக்கம் சரியானது.

கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் இன்னொரு வகை எடுத்துக்காட்டு இருக்கிறது. கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலைக்கும் கோவை ஆரிய வைத்தியப் பார்மசிக்கும் இங்கே மருந்தாலைகள் உண்டு. அரிஷ்டம், ஆசவம் எல்லாம் புளிக்கவைத்துச் செய்பவை. அவற்றில் தானாக ஊறிய ஆல்கஹால் ஐந்திலிருந்து பன்னிரண்டு விழுக்காடு வரை இருக்கும். எரியும் திரவம் என்பதற்கு ஐஎம்டிஜி வைத்திருக்கும் கோடு 60 டிகிரி: மூடிய கிண்ணத்தில் மெதுவாகச் சூடேற்றும்போது அதற்குள் ஆவி தீப்பிடித்தால் வகுப்பு 3. பத்து விழுக்காட்டு ஆல்கஹால் கலந்த தண்ணீர் 49 டிகிரிவாக்கிலேயே ஒரு நொடி பற்றி அணையும். எண்ணை மட்டும் பார்த்தால் தசமூலாரிஷ்டமும் எரியும் திரவம். ஆனால் பற்றிய நெருப்பு நின்று எரியாது. அதனால் 24 விழுக்காட்டுக்கு உட்பட்ட ஆல்கஹால் நீர்மங்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். பீர் தப்பித்தது, அரிஷ்டமும் தப்பித்தது. பிராந்தி அந்த வரம்பைத் தாண்டியது. அபாயத்தை அளப்பதில் விதி கண்மூடித்தனமாக இல்லை என்பதற்கு இது நல்ல சான்று.

அதே ஆல்கஹால் குடும்பத்தில் பெயர் மாறினால் உயிர் போகும். எத்தனால் 1170, வகுப்பு 3. மெத்தனால் 1230, அதற்கும் வகுப்பு 3, கூடவே துணை ஆபத்தாக நஞ்சு என்ற 6.1. நிறம் ஒன்று, நீர்மை ஒன்று, மணமும் ஏறக்குறைய ஒன்று. இரண்டையும் பொதுவாக 'ஸ்பிரிட்' என்று சொல்லிவிடும் பழக்கம் கொல்லக்கூடியது. 2000 அக்டோபரில் கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கலில் முப்பதுக்கு மேற்பட்டோரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோரும் மாண்டது மெத்தனால் கலந்த சாராயத்தால். கப்பல் விபத்தோடு அவற்றை ஒன்றாக வைக்க முடியாது, அங்கே குற்றம் வேறு. ஆனாலும் ஐநா குழு ஒவ்வொன்றுக்கும் 'முறையான கப்பல் பெயர்' என்று ஒன்றை நிர்ணயித்து, வணிகப் பெயரை ஏற்காமல் விட்டதற்கான காரணம் அதில் பளிச்சென்று தெரிகிறது. 'கெமிக்கல்', 'தின்னர்', 'கிளீனிங் லிக்விட்' என்றெல்லாம் எழுதினால் அது பெயரே இல்லை.

இடுக்கி மலையில் விளையும் ஏலக்காய் மூட்டையாகப் போகும்வரை யாருக்கும் தொந்தரவில்லை. அதைக் காய்ச்சி வடித்து எண்ணெயாக்கினால் 60 டிகிரிக்குள் தீப்பற்றும் மணச்சாறு, எண் 1197. ஒரே செடியின் ஒரே காய், உருவம் மாறியதும் வகுப்பும் வந்துவிட்டது. உருக்காலைகளில் உலைக்குள் கொட்டும் ஃபெரோசிலிக்கான் கையில் எடுத்தால் வெறும் கருங்கல்போல் இருக்கும். நீர் பட்டால் எரிவாயு விடும் பொருள் என்று 4.3-இல் வைத்திருக்கிறார்கள், எண் 1408.

மிகவும் மறந்துபோகிற ஒன்று சரக்கே இல்லாத சரக்கு. பூச்சி பிடிக்காமல் இருக்க வேளாண் பொருள் ஏற்றிய கண்டெய்னருக்கும் மரப்பலகைக்கும் மருந்து வைப்பது வழக்கம். மெத்தில் புரோமைடு வாயுவோ, அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையோ. உள்ளே இருப்பது புளியாக இருக்கலாம், மஞ்சளாக இருக்கலாம். மருந்து வைத்துப் பூட்டிய நிமிடத்திலிருந்து அந்தக் கண்டெய்னரே 3359 என்ற எண்ணுள்ள அபாயப் பொருள். கதவில் குறைந்தது 40 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள எச்சரிக்கைத் தாள் ஒட்ட வேண்டும். என்ன வாயு, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வைத்தது, எப்போது காற்றோட்டம் விட்டது என்று நான்கு வரி. வேற்று நாட்டில் அந்தக் கதவை முதலில் திறக்கப்போகும் தொழிலாளிக்கு அந்தத் தாள் ஒன்றுதான் துணை. அதில் கடைசி வரி காலியாக இருந்தால் அவர் எட்டி நிற்க வேண்டும்.

பெயரும் வகுப்பும் முடிவானபின் பொதி. ஆபத்து மிகுந்தது, நடுத்தரம், குறைந்தது என மூன்று பேக்கிங் குரூப். பேரலோ கேனோ அட்டைப்பெட்டியோ, உள்ளே சரக்கை நிரப்பி உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்க்கிறார்கள். முதல் குரூப்புக்கு 1.8 மீட்டர், இரண்டாவதுக்கு 1.2, மூன்றாவதுக்கு 0.8. ஒழுகாமல் தாங்கினால் முறையே எக்ஸ், ஒய், இசட் என்ற எழுத்தோடு முத்திரை. இந்தியாவில் இந்தச் சோதனையும் சான்றும் இந்தியப் பேக்கேஜிங் நிறுவனத்தின் வேலை. பழைய பேரலைக் கழுவி வண்ணம் அடித்து அனுப்பினால் முத்திரை இருக்கலாம், தாங்கும் பலம் இருக்காது.

எதை எதன் பக்கத்தில் வைப்பது என்பது தனிச் சாத்திரம். அதற்கான விலையை இந்தியா 1944 ஏப்ரல் 14-இல் கொடுத்தது. பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் நின்ற 'ஃபோர்ட் ஸ்டிகைன்' கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருளோடு ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளும் எண்ணெயும் ஏற்றியிருந்தார்கள். பஞ்சில் புகைந்த தீ வெடிபொருளை எட்டியது. எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போர்க்கால அவசரம் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள்.

இப்போது அவசரம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கடந்த சில ஆண்டுகளில் நம் கடலில் நடந்ததைப் பாருங்கள். 2018 மார்ச்சில் அரபிக்கடலில் 'மேர்ஸ்க் ஹோனம்' எரிந்து ஐந்து மாலுமிகள் இறந்தார்கள். தீ மூண்ட அறையில் இருந்தது நீரைத் தூய்மைப்படுத்தும் குளோரின் சேர்மம் ஒன்று, மிகச் சாதுவான ஒன்பதாம் வகுப்பில் வைக்கப்பட்டது. அதுவே காரணமாக இருக்கக்கூடும் என்றது சிங்கப்பூர் விசாரணை. விதிப்படி எழுதியும் விபத்து நடந்த அரிய சம்பவம் அது. வகுப்பையே மறுபடி ஆராய வேண்டும் என்ற பேச்சு அங்கிருந்து எழுந்தது. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' எரிந்தது. 1,486 கண்டெய்னர்களில் ஒன்றிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிந்துகொண்டிருப்பது வழியிலேயே தெரிந்திருந்தது. கத்தாரின் ஹமாத், குஜராத்தின் ஹசீரா இரண்டு துறைமுகங்களும் அதை இறக்கிக்கொள்ளவில்லை. வகுப்பு சரியாக எழுதியிருந்தும் பொதி தாங்கவில்லை, கரையும் கைகொடுக்கவில்லை.

பிறகு 2025. மே 24 அன்று விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வந்த 'எம்எஸ்சி எல்சா 3' சாய்ந்தது, மறுநாள் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் தப்பினார்கள். 640 கண்டெய்னர்களில் 13-இல் அபாயச் சரக்கு, 12-இல் கால்சியம் கார்பைடு என்று கடலோரக் காவல்படை அறிவித்தது. மாம்பழம் பழுக்கவைக்கத் திருட்டுத்தனமாகப் போடும் அதே கார்பைடு கல். நீர் பட்டால் அசிட்டிலின் வாயு விடும், வகுப்பு 4.3. ஒதுங்கிய பெட்டிகளைத் தொடாதீர்கள் என்று கொல்லம், ஆலப்புழைக் கரைகளில் எச்சரித்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. எந்தப் பெட்டியில் என்ன என்ற பட்டியலைப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை கேரள உயர் நீதிமன்றம் வரை போனது. கடலையே நம்பிப் பிழைக்கும் மீனவருக்கு அந்தத் தகவலைப் பெற நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்பது மனதை உறுத்துகிறது. அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள் ஜூன் 9 அன்று கொழும்பிலிருந்து மும்பை நோக்கிப் போன 'வான் ஹாய் 503' வடகேரளக் கடலில் வெடித்து எரிந்தது. 22 பேரில் நான்கு பேரைக் காணவில்லை. பட்டியலில் 157 அபாயக் கண்டெய்னர்கள்.

எல்சா விபத்துக்குப் பிறகு வாரக்கணக்கில் திருவனந்தபுரம் முதல் குமரி வரை மணலில் கிடந்தது கார்பைடு இல்லை. பருக்கை பருக்கையாக வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள். எக்ஸ்பிரஸ் பேர்ல் விபத்தில் நீர்கொழும்புக் கரையை மூடியதும் அதே மணிகள்தான். ஒன்பது வகுப்புகளில் எதிலும் அவற்றுக்கு இடமில்லை. எளிதில் தீப்பற்றாது, அரிக்காது, நஞ்சென்று அளவுகோலில் தேறாது. ஆகவே சாதாரணச் சரக்கு. நல்ல பொதியில் அடைத்து, கப்பலின் மேல்தளத்தில் வைக்காமல் கீழே வையுங்கள் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024-இல் பரிந்துரை மட்டும் வெளியிட்டிருக்கிறது. வகைப்படுத்தும் முறையில் இன்றைக்குப் பெரிய ஓட்டை எது என்று கேட்டால் இதைத்தான் முதலில் காட்ட வேண்டும். இரண்டு கரைகளில் இரண்டு முறை பார்த்தபின்னும் பரிந்துரையோடு நிற்பது போதாது.

பெயரைத் தவறாகச் சொன்ன சரக்கு கரையிலேயே கிடந்த கதையும் உண்டு. 2015-இல் சென்னைத் துறைமுகத்தில் உரம் என்ற பேரில் வந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் பிடிபட்டது. வெடிமருந்துத் தரம் அது. மணலி சரக்குப் பெட்டக நிலையத்தில் 37 கண்டெய்னர்களில் ஐந்து ஆண்டு கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்த செய்தி வந்தபிறகுதான் அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள்.

டேங்கர் லாரி இந்த வகையில் நேர்மையான வண்டி. 2025 ஜனவரி 3 அதிகாலை, கொச்சியிலிருந்து 18 டன் சமையல் எரிவாயுவோடு கோவைக்கு வந்த டேங்கர் அவினாசி சாலை மேம்பாலத்தில் கவிழ்ந்தபோது, உள்ளே என்ன என்று யாரும் தேடவில்லை. பார்த்தவுடன் தெரிந்தது. தண்ணீர் பீய்ச்சினார்கள், பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், பத்திரமாக மீட்டார்கள். கண்டெய்னர் அப்படியில்லை. கப்பல்காரர் அதைத் திறப்பதில்லை. சுங்க ஏஜென்ட் கொடுத்த காகிதத்தை நம்புகிறார். ஏஜென்ட், சரக்கு அனுப்பும் பார்ட்டி கொடுத்த காகிதத்தை நம்புகிறார். தவறாக எழுதினால் கண்டெய்னருக்கு 15,000 டாலர் அபராதம் என்று ஹபாக் லாய்டு நிறுவனம் 2019-இலேயே அறிவித்தது. அபராதம் பயமுறுத்தும், கற்றுக்கொடுக்காது.

வகைப்படுத்த வேண்டியவர் அனுப்புகிறவர்தான் என்பதில் விதிக்குக் குழப்பமே இல்லை. அந்த அனுப்புகிறவர் கொச்சித் துறைமுகத்திலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர்வாக்கில் உள்ள தொழிற்பேட்டையில், கப்பலையே பார்த்திராத ஓர் அலுவலக மேசையில் உட்கார்ந்திருக்கிறார். பெரிய ஆலைகளில் இதற்கென்று பயிற்சி பெற்றவர் உண்டு. சிறிய இடங்களில் பில் போடுகிறவரே அதையும் நிரப்புகிறார், போன தடவை எழுதியதைப் பார்த்து. மூலப்பொருள் கொடுத்தவர் அனுப்பிய எஸ்டிஎஸ் எனப்படும் பாதுகாப்புத் தகவல் தாளின் 14-ஆம் பகுதியில் போக்குவரத்து வகுப்பும் யூஎன் எண்ணும் இருக்கும். அந்தத் தாள் ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு பக்கம். மலையாளத்திலோ தமிழிலோ இருந்தால் குடோனில் நிற்பவரும் படிப்பார், ஏற்றுகிறவரும் படிப்பார்.

கஞ்சிக்கோட்டை ஒட்டிய புதுச்சேரி ஊராட்சிப் பகுதியில் 1,710 ஏக்கரில் புதிய தொழில் நகரத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்ட் 28-இல் ஒப்புதல் கொடுத்தது. மருந்து வேதிப்பொருள், மூலிகைப் பொருள், ரப்பர், பிளாஸ்டிக் என்று அங்கே வரவிருக்கும் தொழில்களின் பட்டியல் நீள்கிறது. அவற்றில் பல யூஎன் எண் தேவைப்படும் சரக்குகளைக் கையாளக்கூடியவை. சாலையும் மின்சாரமும் தண்ணீரும் திட்டத்தில் உண்டு. அந்த ஏக்கர்களுக்குள் ஒரு சின்னக் கட்டடத்தில் கூடைச் சோதனைக்கு ஓர் அடுப்பும், 60 டிகிரி பார்க்க ஒரு மூடிய கிண்ணமும், மாதம் ஒருமுறை பில் போடுகிறவர்களுக்கு இரண்டு மொழியிலும் ஒரு வகுப்பும் வைத்துவிட்டால், காங்கேயத்துக் கரிக்காரர் தன் சரக்கைச் சோதிக்கத் தூரத்து ஊருக்கு மாதிரி அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. 14 நாள் ஆறப்போட்ட கரியின் சூட்டை அளந்து, அன்று காலையே 1361 என்று எழுதி, கொச்சிக்கு லோடு ஏற்றிவிடலாம்.